இரண்டாவது சாவி

மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஆடிட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. "என்ன சார், ஆளையே காணோம்?" என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. நாக்பூரில் நல்ல காப்பிப்பொடி எங்கே கிடைக்கும், ஊருக்குப் போக எந்த ரயிலில் இடம் இருக்கும் போன்ற நம் வழக்கமான சமாசாரங்களை அடுத்த முறை பார்ப்போம். இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எங்கள் தொழிலில் ஒரு சின்ன ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். எந்த மேனேஜரும் வங்கியின் ஸ்ட்ராங் ரூமைத் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி கேஷியரிடம் இருக்கும், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஜாயிண்ட் கஸ்டடி என்று பேர். உங்கள் நகை லாக்கரும் அப்படித்தான். எங்கள் சாவியைப் போட்ட பிறகுதான் உங்கள் சாவி திரும்பும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எங்களை நம்பவில்லையா?" என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு சீனியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்பிக்கை இல்லாம இல்லப்பா. நல்ல மனுஷனுக்கும் ஒரு கெட்ட நேரம் வரும். அந்த நேரத்துல பக்கத்துல இன்னொரு ஆள் நிக்கணும். அவ்வளவுதான்."

இந்த வங்கி யோசனையை உயிர் காக்கும் வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இரண்டு கிராமங்கள். சென்னையில் 1986இல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் அங்கே ஒரு பொதுக் கட்டடம் அமைத்தார்கள். உள்ளே வங்கி லாக்கர் மாதிரி வரிசையாகப் பெட்டிகள். வீட்டு இறவாணத்தில் செருகி வைத்திருக்கும் பூச்சிமருந்தை விவசாயி இங்கே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். ஒரு சாவி அவரிடம், இன்னொரு சாவி நிலையப் பொறுப்பாளரிடம். தெளிக்கிற அன்றைக்கு வந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப வைக்க வேண்டும். அந்தக் கிராமங்களில் தற்கொலை முயற்சிகளும் சாவுகளும் குறைந்ததாக 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

"சாகணும்னு நினைச்சவன் எப்படியும் செத்துடுவான்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த உச்சமான வேகம் பல பேருக்குச் சில நிமிஷமோ சில மணி நேரமோதான் நீடிக்கும் என்கிறார்கள். அதைத் தாண்டி வந்துவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் சாவதில்லை. இலங்கையில் 1990களில் இருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜனங்களின் கஷ்டம் அங்கே தீர்ந்துவிடவில்லை, யுத்தம்கூட நடந்துகொண்டுதான் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மட்டும் எட்டாமல் போனது. நம் மத்திய அரசும் 2018இல் 18 பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது.

வங்கிக்காரன் எதற்கு இதையெல்லாம் நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நமக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு, பருத்தி. பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, வங்கியில் சேர்ந்து, இந்த ஊர் அந்த ஊர் என்று டிரான்ஸ்பரில் சுற்றி, 2016இல் யவத்மாள் மாவட்டத்தில் ஒரு கிராமப்புறக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதே கரிசல் மண், அதே பருத்தி. பாஷைதான் மராத்தி. 'அட, நம்ம ஊரு' என்று தோன்றிவிட்டது.

யவத்மாள் என்றாலே விவசாயிகள் தற்கொலை என்று பத்திரிகைகள் எழுதி எழுதிப் பேர் வைத்துவிட்டார்கள். 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் விதர்பாவுக்கு வந்து, யவத்மாளும் சேர்ந்த ஆறு மாவட்டங்களுக்கு 3,750 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துவிட்டுப் போனார். 2008இல் நாடு முழுவதற்கும் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது. 2015இல் மகாராஷ்டிர அரசு 'ப்ரேரணா பிரகல்ப்' என்று ஒரு திட்டம் தொடங்கி, ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி யாருக்கு மனசு சரியில்லை என்று விசாரிக்க வைத்தது. ஆக, ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்ததெல்லாம் போய்ச் சேர வேண்டிய வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

2017, பொளா பண்டிகை முடிந்த நேரம். நம் மாட்டுப் பொங்கல் மாதிரி, மாடுகளுக்கு அலங்காரம் செய்து கொண்டாடுவார்கள். கவுன்ட்டருக்கு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கணக்கில் மிச்சமிருக்கும் 1,140 ரூபாயை எடுக்க வேண்டும் என்றார். இறப்புச் சான்றிதழ் கேட்டதும், எட்டாக மடித்த காகிதத்தை முந்தானையில் இருந்து எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் கிளை தஃப்தரி உள்ளூர்க்காரர், எல்லோரும் அவரைக் காகா என்பார்கள். அவர் அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் காதோரம் வந்தார். "சாஹேப், அதைக் கொடுத்தால் நீங்கள் போலீசுக்குச் சொல்லிவிடுவீர்களோ என்று பயப்படுகிறாள். புருஷன் அப்படிப் போனவன்."

அப்படிப் போனவன். நம் ஊரிலும் இதே வார்த்தைதானே.

உட்கார வைத்துப் பேசினேன். அந்தப் பக்கத்தில் பெண்களைத் தாயி என்று கூப்பிடுவார்கள், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். நம் கரிசல் பக்கமும் பெண்களை அப்படிக் கூப்பிடுவோம், எனவே அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் சரியாக வரும். "தாயி, இந்தச் சான்றிதழில் எப்படி இறந்தார் என்று எழுதவே இல்லை, பாருங்கள்" என்று காட்டினேன். நிஜம்தான். குடும்பத்துக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் சாவின் காரணத்தைக் குறிப்பிடக் கூடாது என்று 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, இப்படி ஒரு பெண் ஒரு நாள் கவுன்ட்டரில் வந்து நிற்பார் என்று தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும்!

அப்புறம் கதை வெளியே வந்தது. நிலம் குத்தகை. கடன் வாங்கியது உள்ளூர் சாவ்காரிடம், வட்டிக்கு. மகாராஷ்டிராவில் இப்படி இறந்த விவசாயி குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவி உண்டு. 30,000 கையில், 70,000 டெபாசிட்டில். ஆனால் அதற்கு நிலப் பத்திரத்தில், அதாவது 'சாத்-பாரா'வில், குடும்பத்தின் பேர் இருக்க வேண்டும், கடன் முறையான இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். கமிட்டி விசாரித்துவிட்டு இரண்டில் ஒரு முத்திரை குத்தும்: பாத்ர், அபாத்ர். தகுதி உண்டு, தகுதி இல்லை. இவருடையது அபாத்ர். சாவிலும் தகுதி பார்க்கிற ஊர்.

பாஸ்புக்கை வாங்கி என்ட்ரி போட்டுப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் இரண்டு சின்னப் பற்றுகள். 12 ரூபாய் ஒன்று, 330 ரூபாய் ஒன்று. முன்பு எப்போதோ முகாம் போட்டபோது கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த மனுஷருக்கே ஞாபகம் இருந்திருக்காது.

வாசகர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 ரூபாய் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. விபத்துக்கு மட்டும்தான், தற்கொலைக்குக் கிடையாது. 330 ரூபாய் ஜீவன் ஜோதி பீமா. அது எந்தக் காரணத்தால் இறந்தாலும் உண்டு. எந்தக் காரணத்தால் என்றாலும்! சேர்ந்த புதிதில் விபத்து தவிர்த்த சாவுகளுக்கு ஒரு சின்னக் காத்திருப்புக் காலம் உண்டு, அது தாண்டியிருந்தால் போதும். தொகை 2 லட்சம். (2022 ஜூனில் இருந்து இந்தச் சந்தாக்கள் 20 ரூபாயும் 436 ரூபாயும் ஆகிவிட்டன.) சாதாரண ஆயுள் காப்பீட்டிலும், முதல் 12 மாதம் கடந்துவிட்டால் தற்கொலை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. இது தெரியாமல் எத்தனையோ வீட்டில் பாலிசியைப் பரணில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருக்கிறார்கள். இன்னொன்று: இறந்தவரின் வங்கிக் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு என்றால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும்தான். ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கடனோ போட்டிருந்தால் ஒழிய, மனைவியின் சொந்தக் கூலிப் பணத்தில் யாரும் கை வைக்க முடியாது.

படிவம் நிரப்பி அனுப்பினோம். சில வாரத்தில் பணம் வந்தது. அந்தத் தாயி சந்தோஷப்படவில்லை. ஏன் சந்தோஷப்பட வேண்டும்? "அவர் இதைத் தெரிந்துகொண்டு போயிருப்பாரோ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காகாதான் சொன்னார்: "இல்லை மகளே. தெரிந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பான்." சரியோ தப்போ, அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார், பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு. "சாஹேப், இவளுடைய புத்தகத்தையும் பாருங்கள்." அதில் அந்தப் பற்று இல்லை. ஆனால் வந்த பெண் ஒரு மணி நேரம் பெஞ்சில் இந்தத் தாயியின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் நானும் காகாவும் உட்கார்ந்து, இறந்தவர் என்று குறித்திருந்த கணக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். இன்னும் நான்கு வீடுகளுக்குக் கடிதம் போனது.

என் கண் திறந்தது அந்தப் பெஞ்சில்தான். ஒரு சாவு நடந்தால் பின்னால் ஒரு வீடு நிற்கிறது. அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கவும் ஆள் வருவதில்லை. பயம், வெட்கம், 'நான் கவனித்திருக்கக் கூடாதா' என்ற குடைச்சல். அவர்களுக்கும் ஆபத்து உண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். இதே துக்கத்தைப் பார்த்த இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்வது மருந்து மாதிரி.

தேசிய அளவில் என்ன நடக்கிறது என்று அதன் பிறகு தேடிப் படித்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் விவசாயமும் விவசாயக் கூலியும் 11,290. தினக்கூலிக்காரர்கள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். மாணவர்கள் 13,044. மாநிலங்களில் முதலிடம் மகாராஷ்டிரா, 22,746. இரண்டாமிடம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு, 19,834. பிழைக்க வந்த ஊரும் பிறந்த ஊரும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன.

முன்பெல்லாம் முயற்சி செய்து பிழைத்தவருக்கு இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை. சாகத் துணிந்தவனை ஜெயிலில் போடுவேன் என்று மிரட்டும் சட்டம்! 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை மாற்றியது. முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 மாதிரியான பொதுவான பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயன்றால் மட்டும் தண்டனை என்று ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதே 2017 சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம்: உடல் நோய்க்கு மருத்துவக் காப்பீடு தருவது போலவே மன நோய்க்கும் தர வேண்டும்.

2022 நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்பு வியூகம் வந்தது. நம் நாட்டுக்கு இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் முறை. 2030க்குள் தற்கொலைச் சாவுகளை 10 சதவீதம் குறைப்பது இலக்கு. முதல் மூன்று வருஷத்தில் கண்காணிப்பு அமைப்பு, ஐந்து வருஷத்தில் எல்லா மாவட்டத்திலும் மனநல வெளிநோயாளர் பிரிவு, எட்டு வருஷத்தில் கல்வி நிலையங்களில் மனநலப் பாடம். டார்கெட் பார்த்தே தலை நரைத்த வங்கிக்காரனுக்குப் பத்து சதவீதம் சின்ன எண்ணாகத்தான் தெரியும். 1,70,924இல் பத்து சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். வருஷத்துக்குப் பதினேழாயிரம் வீடு.

கடன் வசூல் பக்கமும் ஒரு கதவு அடைபட்டது. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்காரருக்குப் போன் செய்யக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் இழுத்து அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாகச் சொன்னது. இரவு பதினோரு மணிக்கு வரும் மிரட்டல் போன் ஒரு மனுஷனை என்ன செய்யும் என்பது கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இவை எல்லாமே எனக்கு இரண்டாவது சாவியாகத்தான் தெரிகின்றன. பூட்டிய அறைக்குள் தன் முடிவோடு தன்னந்தனியாக இருப்பவன் பக்கத்தில் இன்னொரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தும் ஏற்பாடு. சட்டம் பேப்பரில் இருக்கும். அந்த இன்னொரு ஆள் நாமாகத்தான் இருக்க முடியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். ஊரை விட்டு வந்த நமக்கு இதில் ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. ஆபீசில் இந்தி பேசிவிடலாம், காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசலாம். மனசு உடைந்தால் எந்தப் பாஷையில் அழுவது? ஊருக்குப் போன் போட்டால் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்பதுதான் நம் நிலைய வித்துவான் ராகம். பெண்டாட்டி பகலெல்லாம் நாலு சுவருக்குள். பிள்ளை எங்கோ கோச்சிங் ஹாஸ்டலில். இடிந்து போனால் ஓடிவர மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும், காசு இல்லாமல். இருபது மொழிகளில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழும் உண்டு. 2025 தொடக்கத்திலேயே அழைப்புகள் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டன என்கிறது அரசுக் கணக்கு. சென்னை சிநேகாவின் எண் 044-24640050.

யாராவது கொஞ்ச நாளாகச் சரியில்லை என்று பட்டால், வாய்விட்டுக் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆகாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்டதும் பல பேருக்குப் பாரம் இறங்கும். "உனக்கென்ன குறை?", "எங்க காலத்துல நாங்க படாததா?" வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டாமல் பாருங்கள். தனியாக விடாதீர்கள். டாக்டரிடம் கூடவே போங்கள்.

போன பிறகு நிற்கும் வீட்டையும் மறக்காதீர்கள். நம் சங்கத்திலோ குடியிருப்பிலோ அப்படி ஒரு வீடு இருந்தால், 'ஹார்ட் அட்டாக்' என்று அவர்கள் சொல்வதைத் துருவாதீர்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். பதினாறு முடிந்து உறவெல்லாம் ரயிலேறிய பிறகும் போங்கள். பாஸ்புக், பாலிசி, பி.எஃப்., கடன் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் வங்கிக்காரர்களும் எல்.ஐ.சி.காரர்களும் வக்கீல்களும் இருக்கிறீர்கள். சேர்ந்து பார்த்துவிடலாம்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். 14416 என்ற எண்ணை உங்கள் போனில், வீட்டம்மா போனில், ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை போனில் போட்டு வையுங்கள். "எதுக்குப்பா இது?" என்று பிள்ளை கேட்டால், "உனக்கு இல்லாட்டியும் உன் ரூம்மேட்டுக்கு உதவும்டா" என்று சொல்லுங்கள். அப்படியே அவன் பேச ஆரம்பித்தால், போனை வைத்துவிடாதீர்கள்.